காலையில் பத்துத் துளி, மாலையில் பத்துத் துளி

1

போன கப்பல் தபாலில் தம்பியின் கடிதம் வந்தது. மழை தாமதம், அக்காள் மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள், ஆலயத்துக் கூரைக்கு ஓடு மாற்றுகிறார்கள் என்று மூன்று பக்கம் ஒழுங்காகத்தான் போயிற்று. நாலாம் பக்கத்தில் தலையில் குண்டைத் தூக்கிப் போட்டான். அண்ணன் பெற்ற பிள்ளைக்குக் கஞ்சா கொடுக்கிறாராம், போதாக்குறைக்குத் தானும் தின்கிறாராம், மூப்பர் ஒருவர் சபைக் கமிட்டியிலேயே கேட்டுவிட்டார், இனி நான் எப்படி வெளியே தலைகாட்டுவேன் என்று எழுதியிருந்தான்.

அவன் தாராளமாகத் தலைகாட்டலாம். இரண்டும் உண்மை. என் மகள் மேபலுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல், காலையில் பத்துத் துளி, மாலையில் பத்துத் துளி, கஞ்சாவில் வடித்த மருந்தைக் கொடுத்தேன். நானும் குடித்தேன், ஒரு தடவை அல்ல, பல தடவை. இந்தச் செய்தி ஊருக்கு எப்படிப் போயிற்று என்று நான் யாரையும் விசாரிக்கவில்லை. என் மனைவி சாறாள் தன் தங்கைக்கு எழுதியிருப்பாள். அவளுக்கு எதையும் மறைக்கத் தெரியாது.

என்னை மறந்துபோனவர்களுக்காகச் சொல்கிறேன். நெய்யூர்ப் பக்கம் பிறந்து, மிஷன் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கப் படித்து, கப்பலேறி வந்த ஞானமுத்து நான். மலாய் நாட்டில், பேராக்கு மாகாணத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருக்கிறேன். ஓய்வுநாள் பள்ளியில் கள், சாராயம், அபின், கஞ்சா எதையும் தொடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் எனக்கு நினைவிருக்கிறது. இந்த மாதத்தோடு மேபல் கடைசியாக வலிப்பு வந்து விழுந்து மூன்று வருஷம் நிறைகிறது. அந்தச் சந்தோஷத்தில் இருக்கிறபோது இப்படி ஒரு கடிதம். கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத எழுத ஆறிவிடும். தம்பி இதைக் கமிட்டியிலேயே வாசித்துக் காட்டட்டும்.

2

இங்கே விடிகிற நேரத்தில் பெரட்டு மணி அடிக்கும். பெரட்டு என்றால் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. அது முடிந்ததும் வேலைக்குப் போக முடியாதவர்கள் என் வராந்தாவுக்கு வருவார்கள். காலில் புண், குளிர் காய்ச்சல், பூரான் கடி. புண்ணைக் கழுவிக் கட்டி, கொயினாத் தண்ணீரை என் கண் முன்னாலேயே குடிக்க வைத்து, ஒவ்வொருவருக்கும் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி முடிக்க மணி பத்தாகிவிடும். இதே ஒழுங்கில் பதினேழு வருஷம் போயிருக்கிறது.

மேபலுக்கு ஏழு வயது. ஒரு நாள் கிணற்றடியில் சாறாள் துணி அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற பிள்ளை வாளியோடு சரிந்தது. விளையாடுகிறாள் என்று நினைத்து, எழும்பட்டி என்று அதட்டினாளாம். பிறகுதான் கைகால் வெட்டி வெட்டி இழுப்பதையும் வாயில் நுரையையும் கண்டாள். அப்படி அதட்டியதற்காக அவள் இன்றைக்கும் தன்னை மன்னிக்கவில்லை.

எனக்குத் தெரிந்த மருந்து புரோமைடு. கொடுத்தேன். வலிப்பு கொஞ்சம் குறைந்தது, பிள்ளையும் கூடவே மங்கிப்போனாள். முகமெல்லாம் கட்டி, தள்ளாடுகிற நடை, நேற்றுப் படித்த பாட்டு இன்று ஞாபகமில்லை. பிறகு வந்த புது மாத்திரை அவளை நாள் முழுவதும் தூங்க வைத்தது. அப்படியும் வாரத்துக்கு மூன்று நாலு தடவை விழுந்தாள். டவுன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் தடவை விழுந்தபோது, அழகான கையெழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இந்த நோயைவிட எனக்குப் பயம் நெருப்பும் தண்ணீரும். முழங்கால் அளவு ஓடுகிற வாய்க்காலில் வலிப்பு வந்து முகம் குப்புற விழுந்து இறந்துபோன ஒருவரை நான் படிக்கிற காலத்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். அடுப்பில் விழுந்த ஒரு பெண்ணுக்கு நானே கட்டுப் போட்டிருக்கிறேன். ஆகையால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம். மேபல் அடுப்பங்கரைக்குப் போகக்கூடாது, கிணற்றடிக்குப் போகக்கூடாது, ஒரு நிமிஷமும் தனியாக இருக்கக்கூடாது. சாறாள் குளிக்கப் போனால் பிள்ளையைக் கதவுக்கு வெளியே நிறுத்திப் பாடச் சொல்வாள். பாட்டு நின்றால் ஈரச் சேலையோடு ஓடி வருவாள். அவள் அப்படி ஓடி வருவதை எத்தனை நாள் பார்த்திருக்கிறேன்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வலிப்புத் தெளிந்து கண் விழிக்கும்போது மேபல் முதலில் கேட்பது தண்ணீர். அதை மலாயில் 'ஆயர்' என்றுதான் கேட்பாள். பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றும் மலாய்த் தோட்டக்காரரின் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள், அந்தப் பாஷைதான் முந்திக்கொண்டு வந்தது. சாறாள் தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் போய் மூலையில் உட்கார்ந்து அழுவாள். "தண்ணி, வெள்ளம், ஒண்ணும் வாயில வரல்லியே. பெத்த தாய் பேசுகது பிள்ளைக்க உள்ள போகல்லியே" என்பாள். பிள்ளை உயிரோடு எழுந்ததே பெரிது என்று நான் அதட்டுவேன். உள்ளுக்குள் எனக்கும் அது வலித்தது.

3

ரப்பர் விலை விழுந்த வருஷம் எங்களை ஆறு மாதச் சம்பளமில்லா லீவில் ஊருக்கு அனுப்பினார்கள். அதை அப்போது பெரிய சாபம் என்று நினைத்தேன். இன்று அந்த லீவுக்காகவே கடவுளுக்கு நன்றி சொல்கிறேன்.

ஊரில் ஆளுக்கொரு யோசனை. ஜெபம் போதும் என்றார்கள் சிலர். ரகசியமாகக் கயிறு கட்டிப் பாருங்கள் என்றார்கள் சிலர். கயிறு கட்டினால் திருவிருந்து கிடையாது என்றார்கள் அதே ஆட்கள் மறுநாள். உருப்படியான ஒரு வார்த்தை சொன்னவர் முட்டத்திலிருந்து கூடையில் மீன் கொண்டுவரும் அம்மாள்தான். மேபல் விழுவதைப் பார்த்துவிட்டு, எங்கள் கடற்கரையில் சூசை ஆசான் என்று ஒருத்தர் இருக்கிறார், மந்திரம் தந்திரம் கிடையாது, மருந்து மட்டுந்தான் என்றார்.

நான் இங்கிலீஷ் வைத்தியம் படித்தவன். ஆசானோ வலைக்காரர், கத்தோலிக்கர். முணுமுணுத்துக்கொண்டேதான் வண்டியேறினேன். கழுத்தில் மாதா படம் கோத்த உத்தரியக் கயிறு, இடுப்பில் ஒரு துண்டு, கட்டுமரம் இழுத்துக் காய்த்துப்போன கை. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மேபலைத் தன் முன்னால் உட்கார வைத்து, "மக்கா, விழுகதுக்கு முன்ன உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்.

"கருப்பட்டி கரியுற மணம் வரும்" என்றாள் மேபல்.

இரண்டு வருஷம் மருந்து கொடுத்த தகப்பன் நான். அந்தக் கேள்வியை ஒரு நாளும் அவளிடம் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

ஆசான் மருந்தின் பெயரை ஒளிக்காமல் சொன்னார். கஞ்சா இலையைப் பல தண்ணீரில் அலசி, பசு நெய்யில் காய்ச்சித் தருவாராம். சரக்கை மட்டும் நாங்கள் கொண்டுவர வேண்டும். அந்தப் பக்கத்து வைத்தியர்களின் வழக்கம் அது. நோயாளியின் வீட்டாரே சரக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும். சுக்கு மிளகு என்றால் சரி. இதற்கு நான் கோட்டாற்றில் சர்க்கார் லைசென்சு பெற்ற கஞ்சாக்கடைக்கல்லவா போக வேண்டும்!

மழையில்லாத நாளில் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு போனேன். கடைமுன் எனக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். எங்கள் சபை மூப்பர்களில் ஒருவர். கொஞ்ச நேரம் இருவரும் தெருவைப் பார்த்தோம். மாட்டுக்கு வயிற்றுப்போக்கு என்றார் அவர். எனக்கும் மாட்டுக்குத்தான் என்றேன் நான். எங்கள் வீட்டில் மாடு கிடையாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இப்போது கமிட்டியில் கேட்டவர் இவர்தானா என்று தம்பி எழுதவில்லை. இவராக இருந்தால், மாடு சுகமா என்று நான் விசாரித்ததாகச் சொல்லவும்.

4

நெய் தயாரான அன்று மூவரும் போனோம். ஆசான் ஒரு குன்றிமணி அளவு எடுத்தார். பிள்ளையின் வாயில் வைக்கப் போகிறார் என்று பார்த்தால், தன் வாயில் போட்டுக்கொண்டு பாயில் படுத்துவிட்டார். நாங்கள் மணலில் உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறி உச்சிக்கு வந்து இறங்கத் தொடங்கியது. சாறாளுக்குச் சந்தேகம், எனக்கு எரிச்சல். கடைசியில் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

"ஒவ்வொரு காச்சும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். நான் தின்னு பாக்காம பிள்ளைக்குத் தரமாட்டேன்" என்றார். பிறகு அரைக் குன்றிமணி எடுத்து மேபலுக்குக் கொடுத்தார்.

முதல் மாதத்தில் வாரம் ஒரு தடவை விழுந்தாள். மூன்றாம் மாதத்தில் ஒரே ஒரு தடவை. புரோமைடை மெல்ல மெல்லக் குறைத்தேன். முகம் தெளிந்தது. ஒரு நாள் காலையில் பழைய பாட்டு ஒன்றைக் கடைசி வரிவரை தானாகப் பாடினாள். சாறாள் ஆட்டிக்கொண்டிருந்த உரலை விட்டுவிட்டு எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் நான் போய் அந்த உரல் முன்னால் உட்கார்ந்து மாவாட்டினேன்.

5

லீவு முடிந்தது. ஆசான் ஒரு பீங்கான் பரணி நிறைய நெய் தந்தார், இரண்டு வருஷத்துக்குக் காணும். திருவிதாங்கூர் எல்லை தாண்டக் கூடாத சரக்கு அது. எனக்குத் தெரியும். தெரிந்தேதான் நார்த்தங்காய் ஊறுகாய்க்கும் முந்திரிக்கொத்துக்கும் நடுவில் வைத்துக் கட்டினேன். சாறாளிடம் சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. அது நான் செய்த பிசகு.

ஆரல்வாய்மொழி எல்லைச் சுங்கச் சவுக்கையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். அதிகாரி பெட்டியில் என்ன என்று கேட்டார். துணி, பலகாரம், ஊறுகாய் என்றேன். சரி, போகலாம் என்று கையைக் காட்டிவிட்டார். காட்டிய கை இறங்கும் முன் சாறாள் பேசினாள்.

"நெய்யும் இருக்கு சாரே. கஞ்சா நெய். பிள்ளைக்கு வலிப்புக்கு உள்ளது."

அவள் உபதேசியார் மகள். ஒரு பட்டியல் சொன்னால் முழுதாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அதிகாரி எங்களை இறக்கி பெஞ்சில் உட்கார வைத்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் நேரமாகிறது என்று சத்தம் போட்டார்கள். அவர் மேபலை வெகுநேரம் பார்த்தார். பிறகு பரணியை எடுத்துப் போய்ச் சாலையோரத்து மண்ணில் கவிழ்த்தார். ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. "அம்மா சொன்னதுகொண்டு விடுகேன். நானாக் கண்டுபிடிச்சிருந்தா உங்களுக்கு ஜெயில்தான்" என்று என்னிடம் சொன்னார்.

திருநெல்வேலி வரை நான் சாறாளோடு பேசவில்லை. நாகப்பட்டினம் துறைமுகத்தில் எங்களுக்கு முன்னால் நின்றவர்களின் பெட்டிகளை அடிவரை கொட்டித் தேடினார்கள், ஊறுகாய்க்குள் குச்சியை விட்டுக்கூடப் பார்த்தார்கள். அந்தப் பரணி இருந்திருந்தால் நான் அங்கேயே பிடிபட்டிருப்பேன். இந்தப் பிள்ளையையும் தாயையும் நடுத்தெருவில் விட்டிருப்பேன். அன்றைக்கும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. வீம்பு. இப்போது நாலு பேர் அறிய எழுதுகிறேன். நீ செய்தது சரி, சாறா.

6

கப்பலில் மூன்றாம் நாள் மேபல் மேல்தட்டில் விழுந்தாள். எங்கிருந்தெல்லாமோ சனங்கள் இரும்போடு ஓடி வந்தார்கள். சாவிக்கொத்து, பாக்குவெட்டி, ஒருவர் கையில் குதிரை லாடம். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்காது, தள்ளி நில்லுங்கள், காற்று வரட்டும் என்று நான் கத்தினேன். கத்தின பிறகு பார்த்தால், யாரென்றே தெரியாத ஒரு பெண் தன் சேலைத் தலைப்பை விரித்துப் பிள்ளைக்கு வெயில் மறைத்துக்கொண்டு நிற்கிறாள். அவர்களைத் திட்டியதற்கு இன்றும் வருந்துகிறேன்.

தோட்டத்துக்கு மாதமொரு முறை வரும் டாக்டர் துரையிடம், சாறாளின் வழியையே பிடித்தேன். ஆசான், நெய், சவுக்கை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். வேலை போகும் என்று நினைத்தேன். அவர் அலமாரியிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். கஞ்சா டிஞ்சர் அதில் இருந்தது. அவருடைய ஆசிரியர்கள் காலத்தில் வலிப்புக்குக் கொடுத்தார்களாம், ஒரு புட்டியைப் போல இன்னொரு புட்டி இருக்காது என்பதால் கைவிட்டுக்கொண்டு வருகிறார்களாம். பலன் இருக்கும் என்று உறுதி சொல்லமாட்டேன், நானே பொறுப்பேற்று எழுதித் தருகிறேன் என்றார்.

அதற்கப்புறம் காகிதம், காகிதம், காகிதம். மூன்று படி விண்ணப்பம். ஆபத்தான மருந்துக்குத் தனி அலமாரி, தனிப் பூட்டு, துளித்துளியாக எழுத ஒரு தனிப் புத்தகம். நோயாளி தொழிலாளியா, உத்தியோகஸ்தரா என்று இரண்டு கட்டந்தான் அச்சடித்திருந்தது. மகளுக்குக் கட்டமில்லை. ஓரத்தில் 'மகள்' என்று எழுதினேன். திரும்பி வந்தது. டாக்டர் அதை வாங்கி, 'உத்தியோகஸ்தர்' கட்டத்தில் ஒரு கோடு போட்டுக் கையெழுத்திட்டார். பச்சை நிறத்தில் அந்தப் புட்டி வந்து சேர்ந்தபோது பிள்ளை மறுபடியும் வாரத்துக்கு இரண்டு தடவை விழுந்துகொண்டிருந்தாள். ஐந்து துளியில் தொடங்கினோம், பத்துக்கு வந்தோம். நாலே மாதத்தில் ஆசானின் நெய் கொண்டு விட்ட இடத்துக்குத் திரும்பிவிட்டாள்.

7

இரண்டாவது புட்டி வந்தது. அதே கம்பெனி, அதே சீட்டு. அதே பத்துத் துளியைக் கொடுத்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. இங்கே போதகர் கிடையாது, பழைய ஸ்டோர் அறையில் நானே ஆராதனை நடத்துவேன். பிரசங்கத்தின் நடுவில் மேபல் சிரிக்கத் தொடங்கினாள். என் முகத்தைப் பார்த்தாள், இன்னும் சிரித்தாள். வீட்டுக்குப் போய் மூன்று தட்டுச் சோறு தின்றுவிட்டு, அடித்துப் போட்டது போலத் தூங்கினாள். சாறாள் மாலைவரை பிள்ளையின் மூக்கில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். புதுப் புட்டி பழையதைவிட மூன்று மடங்காவது வேகமாக இருந்திருக்க வேண்டும்.

டாக்டர் எச்சரித்திருந்தார். ஆசான் என் கண் முன்னாலேயே பாயில் படுத்துக் காட்டியிருந்தார். நான் சீட்டில் அச்சடித்திருந்ததை நம்பினேன்.

அன்றிலிருந்து, டாக்டரிடம் சொல்லி, அதையும் புத்தகத்தில் எழுதிவைத்து, ஒவ்வொரு புதுப் புட்டியையும் முதலில் நான் குடித்தேன். ஆஸ்பத்திரிக் காலிக் கட்டிலில் நான் படுத்திருப்பேன், சாறாள் பக்கத்தில் வேதபுத்தகத்தோடு உட்கார்ந்து என்னைக் காவல் காப்பாள். முதல் தடவை, கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷத்தில் சொல்லாத அன்பான வார்த்தைகளையெல்லாம் அவளிடம் சொன்னேனாம். அதையும் தங்கைக்கு எழுதியிருப்பாள், போகட்டும். மேபலுக்கு எத்தனை துளி என்பதை என் தலை எவ்வளவு சுற்றுகிறது என்பதை வைத்துக் குறைத்தோம், கூட்டினோம். கமிட்டியார் கேட்ட இரண்டாம் கேள்விக்கு இதுதான் பதில்.

8

பதின்மூன்றாவது வயதில் ஒரு தடவை விழுந்தாள். அதுவே கடைசி. இரண்டு வருஷம் பார்த்துவிட்டு, டாக்டர் சீமைக்குப் போகுமுன் துளிகளை ஒவ்வொன்றாகக் குறைக்கச் சொன்னார். கம்பெனியும் இனி அந்த மருந்து வராது என்று எழுதிவிட்டது. கடைசித் துளி கொடுத்து இப்போது ஒரு வருஷம். டிஞ்சர்தான் நிறுத்தியதா, வயதோடு போயிற்றா, எங்கேயாவது பதுங்கியிருக்கிறதா, எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுதினால் அது பொய்.

மேபல் பதினாறு வயதுப் பெண். தோட்டத்துத் தமிழ் பேசுகிறாள். டவுனில் தாதி வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்கிறாள். ஊர் என்றால் அவளுக்கு முட்டத்துக் கடலும் ஆசானும்தான். ஆனால் இன்றுவரை ஒரு தீக்குச்சி உரசியதில்லை, உரச நாங்கள் விட்டதில்லை.

தம்பியின் கடிதத்தோடு அதே தபாலில் முட்டத்திலிருந்து ஒரு கார்டும் வந்திருந்தது. நான் அவ்வப்போது மேபலைப் பற்றி எழுதும் கடிதங்களுக்குப் பதிலாக ஆசான் யாரையோ கொண்டு எழுதியிருக்கிறார். "மூணு வருஷம் ஆச்சில்லியா. இனி பிள்ளைய அடுப்புகிட்ட விடு மக்கா." வேறு ஒன்றும் இல்லை.

சாறாள் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கென்ன, கடலுக்கு அந்தப் பக்கமிருந்து எழுதலாம் என்றாள். மேபல் கார்டை வாங்கித் தானே இரண்டு தடவை எழுத்துக்கூட்டி வாசித்தாள். "நாளைக்குக் கஞ்சி நான் வைக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் வீட்டுல இருக்கக்கூடாது" என்றாள்.

மறுநாள் பெரட்டு முடிந்ததும், கட்டுத்துணி சுருட்டித் தர ஆளில்லை என்று சொல்லிச் சாறாளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். என் வராந்தாவிலிருந்து பார்த்தால் எங்கள் அடுப்பங்கரைக் கூரை தெரியும். புகை எழுந்தது. சாறாள் ஒரே துணியைச் சுருட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி சுருட்டினாள். நான் ஒருவரின் காற்புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தபோது கூரைமேல் புகை இல்லை.

காத்திருந்தோம். புகை வரவில்லை. சாறாள் துணியைக் கீழே போட்டாள். நான் பாதிக் கட்டோடு அந்த மனிதரை விட்டுவிட்டு இறங்கினேன். அவள் எனக்கு முன்னால் ஓடினாள். ரப்பர் மரங்களுக்கு நடுவில் செம்மண் பாதை வளைகிற இடத்தில், கையில் தூக்குச்சட்டியும் கன்னத்தில் கரியுமாக மேபல் எதிரே வந்தாள். எங்கள் முகங்களைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"என்னம்மா, நான் விழுந்துட்டேன்னு நினைச்சீங்களா?"

"ஆமா மக்கா" என்றாள் சாறாள்.

ஈர விறகு, இரண்டு தடவை அணைந்துவிட்டது, ஊதி ஊதி மூச்சு முட்டிப்போயிற்று என்று மேபல் கோபமாகச் சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து மூவரும் கஞ்சி குடித்தோம். பாதிக் கட்டோடு காத்திருந்தவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தாள். அரிசி சரியாக வேகவில்லை, உப்பும் இல்லை. நான் இரண்டாம் கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.